ட்ரெய்லர் கூரை ஏசி செத்துவிட்டது: 13,500 பிடியு வாங்குவதா, 15,000 பிடியு வாங்குவதா?

போன ஜூலையில் டெக்சாஸின் இங்க்ஸ் லேக் மாநிலப் பூங்காவில் முகாமிட்டிருந்தோம். பிற்பகல் மூன்று மணி, வெளியே 102 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 39 செல்சியஸ். கூரை ஏசியில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, காற்று மட்டும் சூடாக வந்தது. மேலே கம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று முனகும், ‘டக்’ என்று நிற்கும், இரண்டு நிமிடம் கழித்து மறுபடி முனகும். அரை மணி நேரத்தில் உள்ளே இட்லிப் பானைதான். பிள்ளைகள் ஏரிக்கு ஓடினார்கள், நாங்களும் பின்னாலேயே போனோம்.

எங்களுடையது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் 24 அடி முகாம் வீடு, அதாவது ட்ரெய்லர். 30 ஆம்பியர் இணைப்பு, 13,500 பிடியு (குளிரவைக்கும் திறனின் அளவு) கூரை ஏசி, கூரைக்குள் ஓடும் டக்ட் என்ற காற்றுக்குழாய், சுவரில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் ஒரு தெர்மோஸ்டாட். பன்னிரண்டு வருடம் உழைத்த ஏசி. புதிதாக எதை வைப்பது என்று ஒரு மாதம் மண்டையைக் குடைந்தேன். அதில் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. ஏசி உண்மையிலேயே செத்ததா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மூன்று வருடம் முன்பு இதே முனகல் வந்தது. ஒரு பழுதுபார்க்கும் கடையில் மூடியைக்கூடக் கழற்றாமல் “கம்ப்ரஸர் போச்சு, முழுசா மாத்தணும்” என்று 1,900 டாலருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நானே மேலேறித் திறந்தேன். கெப்பாசிட்டர் உச்சியில் புடைத்துக்கொண்டு நின்றது. 25 டாலர் பொருள். மாற்றினேன், மூன்று வருடம் ஓடியது. கம்ப்ரஸரைக் கிளப்புவதற்கு வேண்டிய உந்துதலைக் கொடுப்பது கெப்பாசிட்டர்தான், வெயிலில் முதலில் களைத்துப்போவதும் அதுதான். ஆனால் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை வடிக்கத் தெரியாதவர்கள் கைவைக்க வேண்டாம், தெரிந்தவரை அழையுங்கள்.

இந்த முறை கெப்பாசிட்டர் நன்றாக இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் கம்ப்ரஸரின் சுருள் உடம்போடு ஷார்ட் ஆகியிருந்தது. அதற்குமேல் வைத்தியம் இல்லை. இந்தக் கூரை ஏசிகளில் வீட்டு ஏசி மாதிரி கேஸ் ஏற்றும் வால்வு கிடையாது. தொழிற்சாலையிலேயே குழாயை அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். கேஸ் கசிந்தாலும் கம்ப்ரஸர் போனாலும், செலவுக் கணக்கு மாற்றுவதில்தான் போய் நிற்கும்.

நல்ல செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க ட்ரெய்லர் கூரையில் ஏசிக்காக வெட்டும் ஓட்டை கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரே அளவு, 14 அங்குலத்துக்கு 14 அங்குலம். டோமெட்டிக் கம்பெனி ஏசி இருந்த இடத்தில் கோல்மன்-மாக் கம்பெனி ஏசி உட்காரும், கோல்மன் இருந்த இடத்தில் ஃப்யூரியன் உட்காரும். கீழிருந்து நான்கு நீள போல்ட், நடுவில் நீர் புகாமல் அடைக்கும் ஒரு நுரை காஸ்கெட், அவ்வளவுதான். இதைப் பார்த்து எதை வேண்டுமானாலும் வாங்கலாம் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஓட்டை பொருந்தும், மற்றவை பொருந்த வேண்டுமே.

பிடியு என்ற எண்

எல்லாருடைய முதல் கேள்வியும் இதுதான்: 13,500 பிடியுவா, 15,000 பிடியுவா? நம் ஊர்க் கணக்கில் 12,000 பிடியு ஒரு டன். அப்படியென்றால் முதலாவது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல், இரண்டாவது ஒன்றேகால் டன். ஹூஸ்டனில் இருக்கும் நண்பர் ஒருவர், “அண்ணே, யோசிக்காம பெருசா போடுங்க. டெக்சாஸ் வெயிலுக்கு 13,500 எல்லாம் பொம்மை” என்றார். ட்ரெய்லர் வைத்திருக்கும் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வித்தியாசம் 1,500 பிடியு. வாட்டில் சொன்னால் சுமார் 440 வாட் வெப்பம். ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பிலிருந்து 100 வாட் அளவுக்குச் சூடு வரும். ஆக, நாங்கள் நான்கு பேரும் வெளியே போய் நின்றால் 13,500 கிட்டத்தட்ட 15,000 ஆகிவிடும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் கிட்டத்தட்ட 1,000 வாட் கொட்டுகிறது. கூரையில் வெளிச்சம் விடும் வெண்மூடி போட்ட காற்றுத் திறப்பு ஒவ்வொன்றும் 14 அங்குலச் சதுரம், அதன் தலையில் மட்டும் 130 வாட் விழும். மூடி கொஞ்சம் தடுக்கும், மீதி உள்ளே வரும். எங்கள் ட்ரெய்லரில் அப்படி இரண்டு, போதாததற்குக் குளியலறைக்கு மேலே பெரிய குமிழ் ஜன்னல் ஒன்று. மூன்றுக்கும் வெள்ளிப் பூச்சு மெத்தைத் தாளை வெட்டி உள்ளிருந்து அடைத்தால் செலவு இருபது டாலர்கூட ஆகாது. பெரிய ஏசிக்காகத் தரும் கூடுதல் பணத்தில் வரும் குளிர்ச்சியில் ஒரு நல்ல பங்கு இதிலேயே கிடைத்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய திருட்டு ஒன்று கூரைக்குள் நடக்கிறது. ஏசி அறைக்காற்றை இழுக்கும் வாயும் குளிர்காற்றைத் தள்ளும் வாயும் அந்த ஒரே 14 அங்குல ஓட்டைக்குள்தான் அருகருகே இருக்கின்றன. நடுவில் ஒரு தடுப்பு வைத்து, இடுக்குகளை ஃபாயில் டேப்பால் ஒட்ட வேண்டும். இண்டியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் அமெரிக்க ட்ரெய்லர்களில் பெரும்பகுதி தயாராகிறது. அங்கே வரிசையில் நகரும் வண்டிக்கு அவசரமாக ஒட்டிய டேப் எப்படி இருக்கும்? என் வண்டியில் ஒரு மூலை முழுக்கத் திறந்தே கிடந்தது. குளிர்காற்றில் ஒரு பங்கு அறைக்கே வராமல் நேராகத் திரும்பி ஏசிக்குள்ளேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இன்னொரு பங்கு கூரை இடுக்கைக் குளிரவைத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டியிருக்கிறோம். பழைய ஏசியை இறக்கியபோதுதான் பார்த்தேன், வயிறு எரிந்தது. புது ஏசி எதுவாக இருந்தாலும் இந்த இடுக்குகளை உயர்ந்த ரக அலுமினிய டேப்பால் அடைக்காமல் மேலே வைக்காதீர்கள்.

இன்னொன்று, டக்ட் அகலம். 13,500க்காக அமைத்த ஒல்லியான டக்ட் வழியாக 15,000 ஏசி தன் காற்றையெல்லாம் தள்ள முடியாமல் திணறும். காற்றோட்டம் குறைந்தால் உள்சுருளில் பனி கட்டும். பனி கட்டினால் குளிர்ச்சியே நின்றுவிடும். ஹூஸ்டன், கால்வெஸ்டன் போன்ற ஈரக்காற்று ஊர்களில் இது அடிக்கடி நடக்கும். சிறிய வண்டியில் பெரிய ஏசி வைத்தால் இரவில் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் போதாது. படுக்கை நசநசவென்று இருக்கும்.

அதற்காக 15,000 வீண் என்று சொல்லவில்லை. 28 அடி, 30 அடி வண்டி, அதில் பக்கவாட்டில் இழுத்து நீட்டும் அறை, கோடையில் அரிசோனா, நெவாடா பக்கம் சுற்றுவது, 50 ஆம்பியர் இணைப்பு: இவற்றில் இரண்டு இருந்தாலே 15,000 வாங்குங்கள். விலையில் நூறு, நூற்றைம்பது டாலர்தான் கூடும்.

30 ஆம்பியர்தான் எஜமான்

என் முடிவைத் தீர்மானித்தது மின்சாரம்தான். 30 ஆம்பியர், 120 வோல்ட் என்றால் மொத்தம் 3,600 வாட். 13,500 ஏசி ஓடும்போது 13 ஆம்பியர் அளவில் எடுக்கும், கடும் வெயிலில் இன்னும் கொஞ்சம் ஏறும். வெந்நீர்த் தொட்டியை மின்சாரத்தில் போட்டால் 12. ஃபிரிட்ஜ் 3. ஆக 28 வந்துவிட்டது, பேட்டரி சார்ஜரைச் சேர்க்கவே இல்லை. இந்த நிலையில் என் மனைவி சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டால் பிரேக்கர் விழும். விழுந்திருக்கிறது, பலமுறை. 15,000 ஏசி இதற்குமேல் இரண்டு ஆம்பியர் கேட்கும். இரண்டுதானே என்று தோன்றும், விளிம்பில் நிற்பவனுக்கு அந்த இரண்டு போதும்.

கோடை வார இறுதியில் பூங்காவில் இடம் நிரம்பி எல்லாரும் ஏசியைப் போட்டதும் கம்பத்தில் வோல்டேஜ் இறங்கும். 120 இருக்க வேண்டிய இடத்தில் 106, 105 என்று பார்த்திருக்கிறேன். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடேறும். என் பழைய கம்ப்ரஸர் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது என்று நினைக்கிறேன். 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானாகத் துண்டிக்கும் பாதுகாப்புப் பெட்டிகள் கிடைக்கின்றன. புது ஏசிக்குப் பணம் போடுகிறவர் அதற்கும் சேர்த்துப் போடுவது நல்லது.

அடுத்தது ஜெனரேட்டர். பலரிடமும் இருப்பது ஹோண்டா 2200 மாதிரியான சின்னப்பெட்டி. பெயரில் 2,200 இருந்தாலும் தொடர்ந்து தருவது 1,800 வாட்தான். ஏசி ஓடுவதற்கு அது போதும், கிளம்புவதற்குப் போதாது. கம்ப்ரஸர் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் ஐம்பது, அறுபது ஆம்பியர் கேட்கும். இங்கேதான் சாஃப்ட் ஸ்டார்ட் என்ற சிறு பெட்டி வருகிறது. கம்ப்ரஸரை ஒரே உதையில் கிளப்பாமல் படிப்படியாக வேகமேற்றி, அந்த முதல் உறிஞ்சலைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும். 300 டாலர் அளவில் ஆகும். இருந்தால் சின்ன ஜெனரேட்டரில் 13,500 ஓடும். 15,000ஐ அதில் ஓட்டுவது சூதாட்டம். அதிலும் உயரமான மலைக்குப் போனால் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஜெனரேட்டர் தன் சக்தியில் சுமார் 3.5 சதவீதம் இழக்கும். 5,400 அடி உயரத்தில், மின் இணைப்பே இல்லாத பிக் பெண்ட் சிசோஸ் மலைமுகாமில் அந்த 1,800 வாட் 1,500க்குக் கீழே வந்துவிடும். அங்கே இரவு குளிராக இருக்கும் என்பது வேறு விஷயம். தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டும் ஜெனரேட்டருக்குத் தடை, ஓட்டும் நேரத்துக்கும் கட்டுப்பாடு. ஆகவே ஜெனரேட்டரை நம்பி இரவு முழுக்க ஏசி என்ற கனவு வேண்டாம்.

எந்தக் கம்பெனி?

இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், விளம்பரத்தில் தெரியும் விலை பெரும்பாலும் மேல் பாகத்துக்கு மட்டும் என்பதால். உள்கூரையில் மாட்டும் பகுதி தனி, கட்டுப்பாட்டுப் பலகை சில சமயம் அதுவும் தனி. ஒரு கம்பெனியின் உள்பகுதி இன்னொரு கம்பெனியின் மேல்பகுதியோடு சேராது. ஓட்டை ஒன்றாக இருந்தும் இதுதான் நிலை.

தெர்மோஸ்டாட் கதை இன்னும் வம்பு. டோமெட்டிக் ஏசிகள் பலவற்றில் டெலிபோன் ஒயர் மாதிரி ஒரு ஒயர் வழியாகத் தெர்மோஸ்டாட்டும் பலகையும் தமக்குள் பேசிக்கொள்ளும், அடுத்த கம்பெனிக்கு அந்த மொழி புரியாது. கோல்மன்-மாக், ஃப்யூரியன் பக்கம் பெரும்பாலும் எளிய 12 வோல்ட் ஒயர்கள், ஒரு ஒயருக்கு ஒரு வேலை: இது ஃபேன், இது கம்ப்ரஸர், இது ஹீட்டர். பாஷை மாறினால் தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும், சில வண்டிகளில் சுவருக்குள் புது ஒயர் இழுக்க வேண்டும். கேஸ் ஹீட்டரும் அதே தெர்மோஸ்டாட்டில்தான் தொங்குகிறது என்பதை மறந்துவிட்டு, நவம்பரில் குளிரில் நடுங்கிய ஆட்கள் உண்டு. டக்ட் இல்லாமல், ஏசியின் அடியிலேயே திருகு குமிழ் இருக்கும் வண்டி என்றால் இந்தக் கவலையே இல்லை, எதையும் வைக்கலாம்.

தரத்தில் டோமெட்டிக், கோல்மன்-மாக் இரண்டுக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. டோமெட்டிக் ஸ்வீடன் கம்பெனி. கோல்மன்-மாக் செய்வது கான்சஸின் விச்சிட்டாவில் இருக்கும் ஏர்எக்ஸெல், 2021ல் அதை ட்ரெய்லர் செய்யும் தோர் நிறுவனமே வாங்கிவிட்டது. இரண்டுக்கும் எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கும். அதுவே பெரிய குணம். இரண்டும் சத்தம் போடும், அதையும் சொல்லிவிட வேண்டும். ஃபேனை வேகமாக வைத்தால் டிவி கேட்காது.

சத்தம்தான் உங்கள் தலைவலி என்றால் ஹௌட்டன் என்ற ஏசியைப் பாருங்கள். உண்மையிலேயே அமைதி, நண்பர் வண்டியில் படுத்துப் பார்த்தேன். ஆனால் வாங்குவதற்கு முன் கூரையில் டேப் வைத்து அளந்துவிடுங்கள், பக்கத்தில் சோலார் பலகையோ காற்றுக்குழாயோ இருந்தால் இடிக்கலாம். பழுதானால் உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். என் தெர்மோஸ்டாட்டோடு அது நேரடியாகச் சேரவில்லை, விட்டுவிட்டேன்.

புதிதாக வந்திருப்பது இன்வெர்ட்டர் வகை. ஃப்யூரியனின் சில் கியூப் அதில் பேசப்படுவது, 18,000 பிடியு என்று போடுகிறார்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஏசி மாதிரியே கம்ப்ரஸர் தேவைக்குத் தக்க வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். கிளம்பும்போது உதை இல்லை, சாஃப்ட் ஸ்டார்ட்டும் வேண்டாம். இரவில் மெல்ல ஓடி ஈரத்தையும் இழுக்கும். தத்துவப்படி இதுதான் சரியான பொருள், இன்னும் ஐந்து வருடம் கழித்து எழுதினால் ஒருவேளை இதைத்தான் வாங்கச் சொல்வேன். இப்போதைக்கு விலை கூடுதல். மேலும் குண்டுங்குழியுமான சாலையில் ஆடும் கூரை மேல், வெயிலில் வேகும் பெட்டிக்குள், நுட்பமான மின்னணுப் பலகை எத்தனை வருடம் தாங்கும் என்று பார்த்துவிட்டு வாங்கலாம் என்பது என் எண்ணம். பழமைவாதம் என்று சொன்னாலும் சரி.

12 வோல்ட் ஏசி பற்றிப் பலர் கேட்கிறார்கள். வேன் வண்டிக்கு நல்லது. 24 அடி ட்ரெய்லருக்கு அதன் குளிர்ச்சி போதாது. 1,000 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 80 ஆம்பியருக்கு மேல் ஓடும், ஒயர் விரல் தடிமனில் வேண்டும். சாதாரணக் கூரை ஏசியை லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர் வழியாக ஓட்டலாமா என்றால், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-மணிதான் இருக்கிறது. 13,500 ஏசி ஒரு மணி நேரத்துக்கு 1,500 வாட்-மணி சாப்பிடும். ஐம்பது நிமிடத்தில் கதை முடிந்தது.

ஜன்னல் ஏசியைச் சுவரில் ஓட்டை போட்டு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மலிவு, சிக்கனம், சத்தமும் குறைவு. ஆனால் ஒன்றரை அங்குலச் சுவரில் ஓட்டை போட்டுவிட்டு நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் இழுத்துக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. ஒரே இடத்தில் நிற்கும் வண்டி என்றால் தாராளமாகச் செய்யலாம்.

ஹீட் ஸ்ட்ரிப் என்று ஒன்றையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஏசிக்குள் வைக்கும் மின்கம்பிச் சூடேற்றி, சுமார் 1,600 வாட், 5,600 பிடியு. பனிவிழாத ஊரில் காலைக் குளிரை விரட்ட உதவும், நூறு டாலருக்குள் கிடைத்தால் வாங்கலாம். அதற்குமேல் வேண்டாம்.

கடைசியில் நான் வாங்கியது பழைய தெர்மோஸ்டாட்டோடு பேசும் அதே கம்பெனியின் 13,500, ஒரு சாஃப்ட் ஸ்டார்ட், புது காஸ்கெட், இரண்டு சுருள் அலுமினிய டேப். எல்லாம் சேர்த்து 1,200 டாலருக்குள் முடிந்தது. மாட்டும் கூலி மிச்சம், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் மாட்டினோம். 40 கிலோவுக்குப் பக்கத்தில் எடை, ஒற்றை ஆள் ஏணியில் தூக்க நினைக்கக் கூடாது. ரப்பர் கூரையில் இழுத்தால் கிழியும், அதனால் பழைய கம்பளம் ஒன்றை விரித்து அதன் மேல் நகர்த்தினோம். காஸ்கெட்டைச் சுற்றி சீலன்ட் பூச வேண்டாம். பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், அடுத்த முறை கழற்றுபவரும் திட்டுவார். நான்கு போல்ட்டையும் மாற்றி மாற்றி, ஒரே சீராக, ஓர் அங்குல நுரை அரை அங்குலமாகும்வரை முறுக்கினால் போதும். முரட்டுத்தனமாக முறுக்கினால் கூரை வளையும், மழைநீர் ஏசியைச் சுற்றிக் குளம் கட்டும்.

ஆகஸ்ட்டில் அதே ஏரி, 100 டிகிரி. அரை மணி ஓடவிட்டு, ஏசி இழுக்கும் காற்றையும் தள்ளும் காற்றையும் தெர்மாமீட்டரில் பார்த்தேன், 20 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம். 16 முதல் 22 வரை இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். பழையது புதிதாக இருந்த காலத்தில்கூட உள்ளறை இப்படிக் குளிர்ந்ததாக நினைவில்லை. டேப் செய்த வேலையாகத்தான் இருக்கும். ஹூஸ்டன் நண்பர் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, “15,000 தானே போட்டீங்க?” என்று கேட்டார்.

பழைய ஏசி இன்னும் என் கராஜ் ஓரத்தில் கிடக்கிறது. உள்ளே இருக்கும் கேஸை உரிமம் உள்ளவர் எடுத்த பிறகுதான் இரும்புக் கடையில் போட முடியும், கேஸைக் காற்றில் விடுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். அதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.